புவியியல் ஆசிரியராகத் தகுதி பெறுவது எப்படி: பட்டப்படிப்பு முதல் பணியாணை வரை

தமிழ்நாட்டில் புவியியல் ஆசிரியராக விரும்புவோர் பலரும் முதலில் கேட்பது "என்ன படிக்க வேண்டும்?" என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன்பே விடை காண வேண்டிய வேறொரு கேள்வி உண்டு: எந்தப் பணியிடத்துக்கு? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர், மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியலைத் தனிப்பாடமாகக் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர், கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகிய மூன்றுக்கும் கல்வித் தகுதியும் தேர்வும் வெவ்வேறானவை. ஒன்றுக்குப் பொருந்தும் பட்டம் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவது இத்துறையில் அன்றாடம் நடப்பது. ஆகவே பணியிடத்தை முதலில் முடிவு செய்து, அதன் அறிவிக்கையில் கேட்கப்படும் தகுதியிலிருந்து பின்னோக்கிச் சென்று படிப்பைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

பட்டப்படிப்பு

பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் புவியியலில் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பட்டமும் பி.எட். பட்டமும் தேவை. சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கும்பகோணம், கோவை, கரூர் ஆகிய ஊர்களின் அரசு கலைக் கல்லூரிகள் எனப் புவியியல் துறை உள்ள கல்லூரிகள் மாநிலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை என்று சொல்ல முடியாவிட்டாலும், வரலாற்றுத் துறையோ பொருளியல் துறையோ இருக்கும் அளவுக்கு அவை பரவலாக இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில், மேல்நிலை வகுப்பில் புவியியலைப் படிக்காத மாணவரும் இப்பட்டத்தில் சேரலாம். அப்படிச் சேர்பவர் முதல் ஆண்டில் நிலப்பட வரைவியல் செய்முறையில் சற்றுத் திணறுவார். அது ஓரிரு பருவங்களில் சரியாகிவிடும்.

முதுகலை ஆசிரியர் பணியை நாடுவோர் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு விதிகளின்படி இளங்கலைப் பட்டமும் முதுகலைப் பட்டமும் ஒரே பாடத்தில், அல்லது அரசு இணையானது என ஏற்றுக்கொண்ட பாடத்தில் இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.ஏ. புவியியல் படித்தவர், பாட அறிவில் எவ்வளவு சிறந்தவராயினும், "கிராஸ் மேஜர்" என்ற ஒற்றைக் காரணத்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேற்றப்படுவார். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிறகு இதை அறிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறில்லை.

பயன்பாட்டுப் புவியியல், புவித் தகவலியல், தொலையுணர்வு போன்ற பெயர்களில் பட்டம் பெற்றவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. பாடத்திட்டத்தில் பெரும்பகுதி புவியியலாகவே இருந்தாலும், பட்டச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரைத்தான் அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியம் பார்க்கும். அந்தப் பெயர் அறிவிக்கையில் இல்லையெனில், அது புவியியலுக்கு இணையானது என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையெனில், படித்த பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துடன் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்திடம் இணைத்தன்மைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது காலம் பிடிக்கும் வேலை. தேர்வு அறிவிக்கை வெளியான பின் தொடங்கினால் பெரும்பாலும் உரிய நேரத்தில் கைக்கு வராது.

படிப்பின் வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்ற ஒழுங்கில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம், 2009ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. தொலைநிலைக் கல்வியில் பெற்ற பட்டம் அப்படியல்ல. அந்தப் படிப்பு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதலைப் பெற்றிருந்தால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களைப் படிக்க மானியக் குழு அனுமதித்தது 2022இல்தான். அதற்கு முன் எம்.ஏ.வையும் பி.எட்.டையும் ஒரே கல்வியாண்டில் முடித்தவர்கள், தங்கள் மதிப்பெண் பட்டியல்களில் உள்ள மாதமும் ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பி.எட்.

ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. தமிழ்நாட்டில் பெரும்பாலான பி.எட். கல்லூரிகள் 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவில் இயங்குகின்றன. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குத் தேசியக் குழுவின் அங்கீகாரம் தொடர்கிறதா என்பதையும், புவியியல் கற்பித்தல் முறைக்குத் தனி விரிவுரையாளர் இருக்கிறாரா என்பதையும் கேட்டறிய வேண்டும். பல கல்லூரிகளில் வரலாற்று விரிவுரையாளரே புவியியலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். அவர் பாடக் குறிப்பைத் திருத்தித் தருவார். சம உயரக் கோட்டை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தர அவரால் இயலாது.

வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு தருவதாகக் கூறும் கல்லூரிகளும் உண்டு. அங்கே கிடைப்பதும் அதே சான்றிதழ்தான் என்பதால் பலர் அந்த வழியில் போகிறார்கள். பள்ளியில் முதல் நாள் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். தொலைநிலை பி.எட். எல்லோருக்குமானதன்று, ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்காக ஏற்பட்ட வழி அது.

இரண்டாண்டுகளில் இருபது வாரங்களுக்குக் குறையாமல் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது 2014 விதிமுறை. இந்தக் காலத்தைப் புவியியல் மாணவர் மற்றவர்களைவிடக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஏனெனில் இந்தப் பாடத்தில் சொல்லி விளங்க வைக்க முடியாத, செய்து காட்டினால் மட்டுமே விளங்கும் பகுதிகள் ஏராளம். சம உயரக் கோடுகளையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு என்ற வரையறையை மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். படத்தைக் காட்டி மேடு எது, பள்ளம் எது என்று கேட்டால் விழிப்பார். ஓரளவு பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை நீளவாக்கில் பாதியாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும் கிழங்கானால் இன்னும் நல்லது. அளவுகோலை நிமிர்த்தி வைத்து ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திலும் பேனாவால் சுற்றிக் குறித்து, அந்தக் கோடுகளின் வழியே கிடையாகத் துண்டு போட்டு, அடித்துண்டிலிருந்து ஒவ்வொன்றாக ஒரே தாளில், இடம் பிசகாமல் வைத்து விளிம்பை வரைந்தால், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் விழும். செங்குத்தான பக்கத்தில் அவை நெருங்கியும், சரிவான பக்கத்தில் விலகியும் இருப்பதை மாணவரே கண்டுபிடித்துச் சொல்வார். கற்பித்தல் பயிற்சியின் இறுதி மதிப்பீட்டுக்கு வரும் புறத்தேர்வாளர் பார்க்க விரும்புவது இத்தகைய வகுப்பைத்தான். வண்ண அட்டைகளில் அழகாக எழுதி ஒட்டிய விளக்கப்படங்களுக்கு நேரம் செலவிடுவோர் அதில் பாதியை இதற்குச் செலவிடலாம்.

ஆசிரியர் தகுதித் தேர்வு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தேசியக் குழு 2010 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்து கற்பிப்பதால் இரண்டாம் தாளில் அவர் தேர்ச்சி பெற்றாக வேண்டும். முதுகலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு இத்தேர்வு கேட்கப்படுவதில்லை.

இரண்டாம் தாள் 150 வினாக்களும் 150 மதிப்பெண்களும் கொண்டது. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் போன்ற முதல் மொழி 30, ஆங்கிலம் 30, எஞ்சிய 60 மதிப்பெண் கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப்பிரிவினர் 90 மதிப்பெண் பெற வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான சலுகையை அரசு அவ்வப்போது மாற்றியிருப்பதால், எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையில் உள்ளதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது, எழுதிய ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் தேறியவர்கள் 2,448 பேர்தான். அந்தக் கசப்பு இன்னும் பலரிடம் பயமாக நீடிக்கிறது. பிந்தைய தேர்வுகள் சிலவற்றில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆயினும் புவியியல் பட்டதாரிக்கு இத்தேர்வு இயல்பாகவே ஒரு சங்கடத்தைத் தருகிறது. அவருடைய பலம் வெளிப்படும் இடம் 150இல் மிகச் சிறிய பகுதி. சமூக அறிவியலின் 60 வினாக்களுக்குள் வரலாறு, குடிமையியல், பொருளியல் எல்லாம் அடக்கம். எனவே பட்டப்படிப்பில் படித்த புவிப்புறவியல் நூல்களை ஓரமாக வைத்துவிட்டு, மாநிலப் பாடத்திட்டத்தின் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் நூல்களில் வரலாற்றுப் பகுதியை முதலில் முடிக்க வேண்டும். வேலூர்க் கலகம் முதல் நீதிக்கட்சி வரை பத்தாம் வகுப்புப் பாடம் என்ன சொல்கிறதோ அதுவே விடை. ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தேற முடியும் என்று எண்ணுவதும் தவறு; 30 மதிப்பெண்ணைக் கைவிட்டால் மீதமுள்ள 120இல் 90 எடுக்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை பெற்ற தேர்ச்சிச் சான்றிதழ் ஏழாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றிருந்த விதி 2021இல் மாற்றப்பட்டு, 2011 முதல் பெற்றவற்றுக்கும் சேர்த்து ஆயுள் முழுவதும் செல்லும் என ஆயிற்று. பழைய சான்றிதழை வைத்திருப்போர் அதை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

பணி நியமனத் தேர்வு

தகுதித் தேர்வில் தேறினால் வேலை என்ற காலம் போய்விட்டது. 2018ஆம் ஆண்டின் அரசாணை 149, தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கெனத் தனியாக ஒரு போட்டித் தேர்வை எழுத வேண்டும் என்றது. அந்தத் தேர்வைத்தான் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. 2023 அக்டோபரில் வெளியான பட்டதாரி ஆசிரியர் அறிவிக்கையில் 2,222 இடங்கள் முதலில் அறிவிக்கப்பட்டன. அவற்றில் வரலாற்றுக்கு முந்நூற்றுக்கு மேல், புவியியலுக்கு நூற்றுச் சொச்சம். இரண்டும் சமூக அறிவியல்தான் என்றாலும் காலியிடங்கள் பாடவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. புவியியலுக்கு இடம் குறைவு, போட்டியாளரும் குறைவு. அதே ஆண்டில் உச்ச வயது வரம்பு பொதுப்பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தப்பட்டதால், நாற்பதைத் தாண்டியவர்கள் தயங்க வேண்டிய காரணமில்லை.

அத்தேர்வில் முதல் பகுதி கட்டாயத் தமிழ்: 30 வினா, 50 மதிப்பெண், அதில் 40 விழுக்காடு எடுத்தால்தான் பாடத்தாள் திருத்தப்படும். இரண்டாம் பகுதி 150 மதிப்பெண்ணுக்குப் பாடம் மட்டும். தகுதித் தேர்வைப் போலன்றி இங்கே முழுத்தாளும் புவியியல் என்பதால் பட்டப்படிப்பில் ஊன்றிப் படித்தவர் முந்துவார். முதுகலை ஆசிரியர் தேர்விலும் கட்டாயத் தமிழ் உண்டு. அதன் முதன்மைத் தாளில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என 150 மதிப்பெண். கல்வியியலில் பி.எட். நூல்களை மீண்டும் புரட்டினால் 30இல் பெரும்பகுதி கிடைக்கும். பலர் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி இழக்கிறார்கள்.

பாடத்தைப் பொறுத்தவரை கோட்பாடுகளை அவற்றை முன்வைத்தவர் பெயரோடு பொருத்தும் வினாக்கள் தவறாமல் வரும். டேவிஸின் அரிப்புச் சுழற்சியையும் பென்க் அதை மறுத்த விதத்தையும், கோப்பன், தார்ன்த்வெயிட் ஆகியோரின் காலநிலைப் பாகுபாடுகள் எதில் வேறுபடுகின்றன என்பதையும், வான் தூனனின் நில வளையங்களையும், கிறிஸ்டாலரின் மையவிடக் கோட்பாட்டையும் ஒவ்வொன்றாக அல்லாமல் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஆனால் என் கணிப்பில் இடைவெளி விழுவது கோட்பாட்டில் அன்று, நிலப்படத்தில். பயிற்சி மையங்களின் குறிப்பேடுகள் இந்தப் பகுதியில் மிக மெலிந்திருக்கின்றன.

இந்திய நில அளவைத் துறையின் தலப்படத்தை, அதாவது வகுப்பறையில் டோப்போஷீட் எனப்படுவதை, கையில் வைத்துப் படித்தவருக்கு அதன் எண்முறை மறக்காது. பத்து லட்சத்துக்கு ஒன்று அளவையில் 4 பாகை நீளமும் 4 பாகை அகலமும் கொண்ட சதுரத்துக்கு ஓர் எண். கிழக்குத் தீர்க்கக்கோடு 76 முதல் 80 வரை, வட அட்சக்கோடு 8 முதல் 12 வரை உள்ள சதுரத்தின் எண் 58. அது ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்துகள் கொண்ட பதினாறு ஒரு பாகைச் சதுரங்களாகிறது. எழுத்துகள் இடப்பக்க மேல்மூலையில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கி, பிறகு அடுத்த நிரலுக்குப் போகும். ஒவ்வொரு ஒரு பாகைச் சதுரமும் அதே முறையில் 1 முதல் 16 வரை எண்ணிட்ட 15 கலை (மினிட், அதாவது கால் பாகை) சதுரங்களாகிறது. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவைத் தாள் இதுதான், இதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். இப்போது உதகமண்டலத்தை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ வடக்கு 11.4 பாகை, கிழக்கு 76.7 பாகை. 58இல் மேல்மூலைச் சதுரம் ஏ. அதனுள் மூன்றாம் நிரல், மூன்றாம் வரிசை. ஆகத் தாள் எண் 58 ஏ/11. சொந்த ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் இப்படி எண் கண்டுபிடித்துப் பார்ப்பவர், இதிலிருந்து எப்படிக் கேட்டாலும் அரை நிமிடத்தில் விடையளிப்பார்.

மத்திய அரசுப் பள்ளிகள்

கேந்திரிய வித்யாலயாவில் முதுகலை ஆசிரியர் பணிக்குப் புவியியல் முதுகலைப் பட்டத்தில் 50 விழுக்காடும் பி.எட்.டும் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணியில்தான் தமிழ்நாட்டு மாணவருக்குச் சிக்கல். அங்கே வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டை முதன்மைப் பாடங்களாகப் பட்டத்தில் படித்திருக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும். நம் கல்லூரிகளின் பட்டம் ஒற்றை முதன்மைப் பாடமும் சில பருவத் துணைப்பாடங்களும் கொண்டது. துணைப்பாடமாகப் படித்தது அங்கே கணக்கில் சேருமா என்பதை அந்தந்த அறிவிக்கையின் சொற்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்தியத் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சியும் தேவை. அதில் மொழித்தாளாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். சமூக அறிவியல் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும்.

சான்றிதழ் சரிபார்ப்பு

தேர்வில் தேறியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் வழக்கமானவை. தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. கேட்கப்படும் தகுதியை மட்டும் தமிழில் படித்தால் போதும் என்ற நிலையை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது; இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆகவே முதுகலை ஆசிரியர் பணிக்கு இம்முன்னுரிமையைக் கோருபவர் தொடக்கப்பள்ளி, உயர்நிலை, மேல்நிலை, இளங்கலை, முதுகலை, பி.எட். என ஒவ்வொரு நிலைக்கும், படித்த ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் அறிவிக்கையில் உள்ள படிவத்திலேயே சான்று பெற வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை ஓர் ஊரிலும் பிறகு வேறோர் ஊரிலும் படித்தவர் இரண்டு தலைமையாசிரியர்களைப் பார்க்க வேண்டும். மூடப்பட்ட பள்ளியாக இருந்தால் அதன் பதிவேடுகள் எந்த அலுவலகத்துக்குப் போயின என்று கண்டுபிடித்து அங்கே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தேர்வெழுதியவர்கள் கல்லூரி நிலையில் சான்று பெறுவதில் சிக்கல் எழும். இந்த வேலையைத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். விடுமுறைக் காலத்தில் பள்ளி அலுவலகத்தில் ஆள் கிடைக்கமாட்டார். பெயரின் முன்னெழுத்து ஒரு சான்றிதழில் ஒன்றாகவும் மற்றொன்றில் இரண்டாகவும் இருப்பின், அரசிதழ் வழியாகவோ பல்கலைக்கழகத்தின் வழியாகவோ முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே பணியில் இருப்போர்

தகுதித் தேர்வு எழுதாமல் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் குறித்து 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு கோர முடியாது என்பது அதன் சாரம். உதவிபெறும் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பித்துவரும் புவியியல் பட்டதாரிகளும், "நமக்கு முதுகலை இருக்கிறதே" என்று இருந்துவிடாமல், தாங்கள் நியமிக்கப்பட்ட பணியிடம் எது, பணி ஆணையில் எந்த வகுப்புகள் குறிக்கப்பட்டுள்ளன என்பதைப் பார்த்து இரண்டாம் தாளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர், பணியில் சேர்ந்த நாளிலேயே கல்விச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையை அறியும் கடிதங்கள் பல்கலைக்கழகத்துக்கும் தேர்வுத் துறைக்கும் அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்டனவா என்று எழுத்தரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தகுதிகாண் பருவத்தை முடித்ததாக ஆணை வழங்கும்போது அந்தப் பதில்கள் கோப்பில் இருக்க வேண்டும்.